விட்டுப்போன இரண்டெழுத்து

கமலக்கண்ணன் வீட்டு ஷோகேஸில் ஓர் எவர்சில்வர் குடம் இருந்தது. டிவிக்கு நேர் மேலே, நடுத்தட்டில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற மாதிரி வைத்திருந்தார். அதன் கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் 'சைக்கிள் ரேஸ் முதல் பரிசு, பொங்கல் விழா, சித்தையன்கோட்டை' என்று இருக்கும். முப்பது வருஷமாக அந்தக் குடத்தில் யாரும் தண்ணீர் பிடித்தது கிடையாது.

குடத்தில் எழுதியிருந்தது பொய் என்று சொல்ல முடியாது. முழு உண்மை என்றும் சொல்ல முடியாது. நடந்தது ஸ்லோ சைக்கிள் ரேஸ். பொங்கலுக்குப் பொங்கல் ஊர் ஊருக்கு நடக்கிறதுதான். யார் எல்லோருக்கும் கடைசியாக வந்து சேருகிறாரோ அவருக்கு முதல் பரிசு, வழியில் கால் தரையில் பட்டால் அவுட். அந்தக் காலத்தில் பாத்திரக்கடையில் பெயர் வெட்ட எழுத்துக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். விழாக் கமிட்டியில் பணத்தைக் கையில் வைத்திருந்தவர் சரியான கருமி. ஊருக்கே தெரிந்த விஷயத்தைக் குடத்தில் வேறு எதற்கு எழுதுவது என்று 'ஸ்லோ'வை விட்டுவிட்டார். இரண்டெழுத்து மிச்சம்.

அந்த இரண்டெழுத்தில்தான் கமலக்கண்ணன் வாழ்ந்துகொண்டிருந்தார். பதினெட்டு வயதில் பிழைப்புக்காகத் திண்டுக்கல் வந்தபோது குடத்தையும் கூடவே தூக்கி வந்தார். இங்கே கேட்கிறவர்களுக்குக் குடம் என்ன சொன்னதோ அதுதான் தெரியும். முதலில் அவர் குடம் சொன்னதை மறுக்காமல் இருந்தார், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு கதையில் எதிர்க்காற்று சேர்ந்தது. மகள் பிறந்த பிறகு, ஆத்தூர் பக்கம் செயின் கழன்று, கையால் மாட்டிக்கொண்டு ஓட்டி, முன்னால் போன ஏழு பேரைத் தாண்டியதும் சேர்ந்தது. சொல்லிச் சொல்லி அவருக்கே கையில் செயின் எண்ணெய் வாசம் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

பெருமை பேசுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கமலக்கண்ணனோ அந்தக் குடத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு மற்றவர்களைக் கீழே பார்த்தார். ரவுண்ட் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் வேலை பார்க்கிறவர்கள் நொண்டிக் குதிரை, மனைவி அம்பிகா ஆமை. அவர் நாக்கில் படாமல் தப்பித்தவர் யாரும் கிடையாது. பேசுவதற்கு முன்னால் உதட்டோரம் லேசாகச் சுழிக்கும். அதைப் பார்த்தாலே அம்பிகா அடுப்படிக்குள் போய்விடுவாள்.

மகள் தீபா பள்ளிக்கூடத்தில் ஓட்டக்காரி. பத்தாம் வகுப்பில் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடி இரண்டாவதாக வந்தாள். பரிசு ஒரு டிபன் பாக்ஸ். வியர்வை காயாத சட்டையோடு வீட்டுக்கு ஓடிவந்து, ஷோகேஸ் கதவைத் திறந்து, குடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். சோபாவில் இருந்த கமலக்கண்ணன் எழுந்து வந்து அதை வெளியே எடுத்தார்.

"ரெண்டாம் பரிசுக்கெல்லாம் இதுல இடமில்ல தாயி. அடுப்படில வை. வெஞ்சனம் வைக்க ஆகும்" என்றார்.

வந்திருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அம்பிகா அந்த டப்பாவில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் போட்டு வைத்தாள். தீபா அதற்குப் பிறகு ஓடவில்லை. இப்போது கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள், அதிகம் பேசமாட்டாள். பெண் அடக்கமாக வளர்ந்திருக்கிறாள் என்று கமலக்கண்ணன் பெருமைப்பட்டுக்கொண்டார். அப்படியும் சில அப்பாக்கள் இருக்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் போன கார்த்திகை மாதம் தாடிக்கொம்பில் ஒரு காதுகுத்து. அங்கே அம்பிகாவின் தம்பி விக்னேஷ்குமார் வாயைத் திறந்தான். செல்போன் கடை வைத்திருப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு கூட்டத்தோடு சைக்கிள் ஓட்டப் போய்விடுவான். பந்தியில் பாயசம் ஊற்றும் நேரத்தில், நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி சொன்னான்.

"எங்க மச்சான் ஒரு தடவைகூட சைக்கிள்ல இருந்து விழுந்ததில்ல. ஏறுனாத்தான விழுகுறதுக்கு?"

இலைக்கு இலை சிரிப்பு. வேறு யாராவது சொல்லியிருந்தால் கமலக்கண்ணன் அந்த இடத்திலேயே கிழித்திருப்பார். மச்சினன் கேலிக்குக் கோபப்பட முடியாது. கோபப்பட்டால் அதுவே அடுத்த கேலியாகிவிடும். மாமன் மச்சான் உறவில் வாங்கிக் கட்டிக்கொண்டு பல்லைக் காட்டுவதுதான் முறை. அவரும் பல்லைக் காட்டினார்.

"சைக்கிள் இல்ல மாப்ள. இருந்தா காட்டுறேன் நான் யாருன்னு."

"அம்புட்டுத்தான? நாளைக்கே வாங்கிருவோம் மச்சான். எனக்குத் தெரிஞ்ச கடை இருக்கு."

நாலு பேர் கேட்கச் சொன்ன வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரை எழுதித் தருகிற டாக்டரும் வேர்க்கிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லி வருஷக்கணக்காகிறது. மறுநாள் சாயங்காலம் கமலக்கண்ணன், விக்னேஷ்குமார், தீபா மூன்று பேரும் பேகம்பூரில் அல் அமீனின் சைக்கிள் கடைக்குப் போனார்கள். தீபாவை யாரும் கூப்பிடவில்லை. நானும் வாரேன் என்று அவளே காரில் ஏறிக்கொண்டாள்.

அல் அமீனுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தாடியை அழகாக ஒதுக்கி, கண்ணாடித் தரையும் குளிர்பதனமுமாகக் கடையை நகைக்கடை மாதிரி வைத்திருந்தான். வண்டிகள் சுவரில் தொங்கின. கமலக்கண்ணன் கடைசியாகப் பார்த்த சைக்கிளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு கூட இல்லை. ஹேண்டில் ஆட்டுக்கிடாயின் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது.

"சைக்கிள் ஓட்டி எம்புட்டு வருசம் ஆச்சுண்ணே?" என்று அல் அமீன் கேட்டான்.

"அது ஆச்சு, ஒரு அஞ்சாறு வருசம்" என்றார் கமலக்கண்ணன். முப்பது வருஷம்.

"கழுத்து வலி, முதுகு வலி ஏதாச்சும் இருக்கா?"

"நமக்கு அதெல்லாம் கெடையாது." சட்டைப்பைக்குள் இருந்த வலித்தைலம் ஒன்றும் பேசவில்லை.

அல் அமீன் இரண்டு வண்டிகளை இறக்கி வைத்தான். ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு.

"ரெண்டுமே ரோடு பைக்தாண்ணே. இந்தப் பச்சையில செத்த நிமிந்து உக்காரலாம். டயரும் கொஞ்சம் அகலம். ரொம்ப நாள் கழிச்சு ஏறுறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். ஆறு மாசம் ஓட்டுங்க, உடம்பு பழகட்டும், அப்புறம் வேணும்னா மாத்திக்கலாம். அந்தக் கறுப்பு ரேஸ்காரவங்க ஓட்டுறது. படுத்தாப்புல குனிஞ்சு போகணும்."

கமலக்கண்ணனின் கண் கறுப்பை விட்டு நகரவில்லை. ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், வந்தது. அவரை அதில் உட்கார வைத்து, பக்கத்தில் குந்தி அளவு பார்த்த அல் அமீன் உதட்டைப் பிதுக்கினான்.

"இதுல ஒரு விசயம்ணே. உங்களுக்குப் பாதம் பெருசு. ஹேண்டிலை ரொம்பத் திருப்புனீங்கன்னா முன் டயரு ஷூ நுனியில இடிக்கும். வேகமாப் போறப்ப யாரும் அப்பிடித் திருப்ப மாட்டாங்க, அதனால பிரச்சனை இல்ல. மெதுவாப் போறப்ப மட்டும் பாத்துக்கணும்."

"மெதுவாப் போறதுக்கா தம்பி இம்புட்டு விலை குடுத்து வாங்குறோம்?"

விக்னேஷ்குமாருக்கு ஏனோ இருமல் வந்தது. திரும்பி நின்று ஹெல்மெட்டுகளைப் பார்க்க ஆரம்பித்தான். தீபா மட்டும் பச்சை வண்டியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா, இதையே எடுங்க. உங்களுக்கு இதான் சரியா இருக்கும்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் கேலி இல்லை. உள்ளபடியே சொன்னாள். பின்னால் அந்த நிமிஷத்தைப் பல தடவை நினைத்துப் பார்த்தபோது கமலக்கண்ணனுக்கு அது புரிந்தது. அப்போது அவர் உதட்டோரம் சுழித்தது.

"தம்பி, எங்க பொண்ணும் பந்தயத்துல ஓடுனவதான். ரெண்டாவதா வந்தா" என்றார் அல் அமீனிடம். "ரெண்டாவதா வாரவுக யோசனையும் ரெண்டாந்தரமாத்தான இருக்கும்?"

அல் அமீன் சிரிக்கவில்லை. கையில் இருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்தான். தீபா பச்சை வண்டியை விட்டு நகர்ந்து வந்தாள்.

"சரிப்பா, கறுப்பையே எடுங்க" என்றாள். "அண்ணே, கால்ல மாட்டுற பெடல் இருக்குல்ல, ரேஸ்காரவங்க போடுறது? அப்பாவுக்கு அதையும் போட்டுருங்க."

அல் அமீன் அதற்கும் யோசித்தான். அது தனிப் பெடல், தனி ஷூ. ஷூவின் அடியில் ஒரு கட்டை இருக்கும், மிதித்தால் டக்கென்று பெடலில் மாட்டிக்கொள்ளும். காலை எடுக்க வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும், மேலே தூக்கினால் வராது. பழகாதவர்கள் நிற்கும்போது மறந்துபோய் அப்படியே சாய்ந்துவிடுவார்கள், இப்போதைக்குச் சாதாப் பெடல் போதும் என்று சொல்லிப் பார்த்தான்.

"போடுங்க தம்பி. மக ஆசைப்படுதுல்ல" என்றார் கமலக்கண்ணன். பெண்ணுக்கு இப்போதுதான் அப்பாவின் அருமை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

கறுப்பு வண்டி வீட்டுக்கு வந்தது. காலையில் தாடிக்கொம்பு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். முதல் நாள் கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் உள்ளங்கை மரத்துப்போய் இட்லியைப் பிய்க்க முடியவில்லை. உட்காரும் இடத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. ஒருநாள் வீட்டு வாசலில் நின்றபோது காலைக் கழற்ற மறந்து செம்பருத்திச் செடிமேல் சாய்ந்தார். நாய் குறுக்கே வந்தது என்று அம்பிகாவிடம் சொன்னார். எந்த நாய் என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் கடையில் எல்லோரிடமும் பறந்ததாகத்தான் சொன்னார். ஒருவன்கூட நம்பாமல் இல்லை. சம்பளம் கொடுக்கிறவரை நம்பாமல் என்ன செய்வான்.

பொங்கலுக்கு முந்தின வாரம் விக்னேஷ்குமார் போன் பண்ணினான்.

"மச்சான், காணும் பொங்கலன்னைக்கு எங்க குரூப்போட நீங்களும் வாரீங்க. செம்பட்டி வழியா சித்தையன்கோட்டை. உங்க ஊர்தான? அங்க டீயைக் குடிச்சிட்டுத் திரும்பிருவோம்."

போனை வைத்த கமலக்கண்ணன் ஷோகேஸில் இருந்த குடத்தை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷம் அந்த ஊர்ப் பக்கம் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகாமலேயே சமாளித்துவிட்டார். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வீட்டை விற்றாயிற்று, போக வேண்டிய அவசியமும் வரவில்லை. அங்கே ஒரே ஒரு கிழவன் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'ஸ்லோ' என்று சொல்லிவிட்டால் போதும். அதற்கப்புறம் எந்த வாயால் அம்பிகாவை ஆமை என்பது? தீபாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? அவருக்கு உயிரே போனாலும் பரவாயில்லை, அந்த இரண்டெழுத்து மட்டும் மகள் காதில் விழக் கூடாது என்றிருந்தது.

காணும் பொங்கல் காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு காய்ச்சல் என்றார். அம்பிகா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னுதான் இருக்கு. எந்திரிங்க. தம்பி வாசல்ல வந்து நிக்கிறான்" என்றாள்.

முப்பது வருஷம் ஆகிவிட்டது, அன்றைக்கு இருந்தவர்கள் பாதிப் பேர் செத்திருப்பார்கள், மீதிப் பேர் திருப்பூருக்குப் போயிருப்பார்கள் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். பன்னிரண்டு சைக்கிள் போயிற்று. தீபா தண்ணீர் பாட்டில்களோடு ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். செம்பட்டி போவதற்குள் கமலக்கண்ணன் எல்லோருக்கும் பின்னால் போய்விட்டார். பூ ஏற்றிய ஆட்டோக்கள், கரும்பு வண்டிகள், தலையில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒரு பெண், எல்லாம் அவரைத் தாண்டிப் போனது போலத்தான் அவருக்குத் தோன்றியது. தீபா தாண்டவில்லை. ஸ்கூட்டியை உருட்டாத குறையாக, அவர் பின் சக்கரத்தை விட்டு விலகாமல் வந்தாள்.

"மெதுவாவே வாங்கப்பா. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் ஒரு தடவை.

சித்தையன்கோட்டைக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது. தெருவை அடைத்துப் பந்தல், இரண்டு பக்கமும் சனம், தரையில் சுண்ணாம்பால் நீளவாக்கில் கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் கமலக்கண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. வண்டியைத் திருப்பலாம் என்று நினைப்பதற்குள் விக்னேஷ்குமார் வந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

மைக்கில் ஒரு குண்டு மனிதர் பேசிக்கொண்டிருந்தார். தலை வழுக்கையாகியிருந்தாலும் குரல் மாறவில்லை. பாக்கியராஜ். கூடப் படித்தவர், இப்போது ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார்.

"இந்தா வந்துட்டாருய்யா நம்ம கமலக்கண்ணன். முப்பது வருசத்துக்கு முன்னாடி இதே தெருவுல எல்லாருக்கும் கடைசியா வந்து முதல் பரிசுக் குடத்தைத் தட்டிட்டுப் போன மகராசன். அன்னைக்கு இவருக்கு முன்னாடி வந்து தோத்துப்போனவன் நான்தான். தீபாவளி சமயத்துல இவரு மச்சினன் நம்ம கடைக்கு டீ குடிக்க வந்தாப்ல. எங்க மச்சான் இந்த ஊரு சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சவர்ன்னாப்ல. எது, ஸ்லோ ரேஸான்னேன். பாவம், குடிச்ச டீ மூக்கு வழியா வந்துருச்சு."

தெரு முழுக்கச் சிரித்தது. சைக்கிள் கூட்டத்து ஆட்கள் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கமலக்கண்ணன் யாரையும் பார்க்கவில்லை, தீபாவைத்தான் பார்த்தார். ஒரு திடுக்கிடல், ஒரு ஏமாற்றம், ஏதாவது அந்த முகத்தில் தெரியும் என்று தேடினார். அவள் ஸ்கூட்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளி சமயம் என்றால் சைக்கிள் வாங்குவதற்கு முன்னாலேயே. விக்னேஷ்குமார் அக்கா மகளிடம் சொல்லாமல் இருந்திருக்க மாட்டான். அந்தக் கடையில் நின்றபோதே அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் பச்சை வண்டியை எடுங்கள் என்றாள்.

"மச்சான், ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க. ஊரே கேக்குது" என்றான் விக்னேஷ்குமார்.

மறுத்தால் மச்சினன் இன்னும் பத்து வருஷத்துக்குப் பேசுவான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருக்கே வெட்கமாக இருந்தது: ஓட்ட ஆசை வந்துவிட்டது. உலகத்தில் அவர் உண்மையாகவே ஜெயித்த ஒரே பந்தயம் இது. எதிர்க்காற்றும் செயினும் பொய், இது பொய்யில்லை. இப்போது ஜெயித்துவிட்டால் ஆமாம், ஸ்லோதான், அதற்கென்ன என்று நிமிர்ந்து சொல்லலாம். மகளிடம் சொல்லலாம்.

ஆறு பேர் கோட்டில் நின்றார்கள். ஒவ்வொருவர் காலையும் கவனிக்க விசிலோடு ஒருவர். பாக்கியராஜ் கடைசி விசிலைத் தீபாவிடம் நீட்டினார்.

"அப்பா காலை மகளே பாக்கட்டும். அப்பத்தான் நியாயம்."

தீபா விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வந்து நின்றாள். கமலக்கண்ணன் பெடலை மிதித்தார். டக், டக். இரண்டு காலும் மாட்டிக்கொண்டன.

முதல் பத்தடியில் இரண்டு பேர் காலை ஊன்றிவிட்டார்கள். ஒருவர் பக்கத்துக் கோட்டுக்குள் போய்விட்டார். கமலக்கண்ணனின் உடம்புக்கு எல்லாம் நினைவிருந்தது. மூச்சை அடக்கி, முன்னால் தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, பிரேக்கை விட்டும் பிடித்தும், ஊர்ந்தார். கழுத்து வலி தெரியவில்லை. சனம் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "ஏலே, ஆளு கெட்டிக்காரன்தாம்ல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் அவரைப் பற்றி ஒருவர் உண்மையாகச் சொன்ன நல்ல வார்த்தை அது. அவருக்குக் கண் கலங்கியது. அவர் சந்தோஷமாக இருந்தார்.

நாலாவது ஆளும் அவுட் ஆனான். மிச்சம் அவரும், லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு பால்காரரும்தான். பால்காரர் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். இனி நின்றாலே போதும். கமலக்கண்ணன் தன் பழைய வித்தையை எடுத்தார். முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பி, அப்படியே ஆடாமல் நிற்பது. அன்றைக்குப் பாக்கியராஜை அதில்தான் கவிழ்த்தார்.

ஹேண்டிலைத் திருப்பினார். முன் டயர் ஷூ நுனியில் போய் இடித்தது.

காலை ஊன்றப் பார்த்தார். கால் வரவில்லை. மேலே இழுத்தார், வரவில்லை. வெட்டிய வாழை சாய்கிற மாதிரி நிதானமாக, எல்லோரும் பார்க்க, வலது பக்கம் போய் விழுந்தார். தோளில் ஏதோ ஒடிந்த சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. சனத்துக்கு அது கேட்டிருக்க முடியாது, அவ்வளவு பெரிய சிரிப்பு.

"அவுட்டு, அவுட்டு" என்று நாலைந்து குரல்கள்.

தீபா கிட்டே வந்து, குனிந்து, பெடலைப் பார்த்தாள். நிதானமாக இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அவுட்டு இல்ல. கால் தரையில படல."

"ஆளே தரையில கெடக்காரும்மா" என்றார் பாக்கியராஜ் மைக்கில்.

"ரூல் காலுக்குத்தான சொன்னீங்க? ரெண்டு காலும் பெடல்லதான் இருக்கு. ஆட்டத்துல இருக்காரு. யாரும் தொடாதீங்க, தொட்டா அவுட்டாயிருவாரு."

அந்தச் சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. பால்காரர் திரும்பிப் பார்த்தார். காலை ஊன்றினால் அவர் தோற்றுவிடுவார். பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் கோட்டில் இன்னும் மெதுவாகப் போனார். வண்டிக்கு அடியில் கிடந்த கமலக்கண்ணனின் முகம் வெளுத்து, வேர்வை புழுதியில் சொட்டியது. முன்வரிசைப் பெண்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். விக்னேஷ்குமாரும் நிறுத்தினான்.

"தீபா, போதும்த்தா" என்று ஓரடி முன்னால் வந்தான்.

"மாமா, கோட்டுக்கு வெளிய நில்லுங்க."

அவன் நின்றுவிட்டான்.

"தாயி, காலைக் கழட்டி விடு" என்றார் கமலக்கண்ணன்.

"குதிங்காலை வெளிப்பக்கமாத் திருப்புங்கப்பா. கடைக்கார அண்ணன் சொல்லிக் குடுத்தாருல்ல."

"முடியல. தோளு போச்சு."

"நான் எப்பிடித் தொடுறது? முதல் பரிசு போயிருமே. வேணும்னா அவுட்டுன்னு நீங்களே சொல்லுங்க."

கமலக்கண்ணன் அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்தால் கெஞ்சலாம், அழுகை இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். இரண்டும் இல்லை. உதட்டோரம் மட்டும் லேசாகச் சுழித்திருந்தது. அது அவருடைய சுழிப்பு. இருபது வருஷமாக எதிரே உட்கார்ந்து பார்த்து, ஒரு பிசிறில்லாமல் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

"அவுட்டு" என்றார்.

"கேக்கலப்பா."

"அவுட்டு."

தீபா விசிலை ஊதினாள். அப்புறம் குந்தி உட்கார்ந்து, முதலில் இடது குதிகாலையும் பிறகு வலது குதிகாலையும் வெளிப்பக்கமாகத் திருப்பிக் கழற்றிவிட்டாள். பெடல் கழலும்போது தோள் அசைந்து கமலக்கண்ணன் கத்தினார்.

யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். துண்டால் கையைக் கழுத்தோடு கட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆட்டோ வரச் செத்த நேரம் ஆகும் என்று விக்னேஷ்குமார் தரையைப் பார்த்துச் சொன்னான். பால்காரருக்கு முதல் பரிசுக் குடம் கொடுத்தார்கள். அடுத்து பாக்கியராஜ் இவர் பெயரைக் கூப்பிட்டார். எழுந்து போக முடியாததால் தீபா போய் வாங்கி வந்தாள்.

ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். இப்போதெல்லாம் மெஷினில் வெட்டிவிடுகிறார்கள், எழுத்துக்கு இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. மூடியில் 'ஸ்லோ சைக்கிள் ரேஸ் இரண்டாம் பரிசு' என்று ஓர் எழுத்து விடாமல் இருந்தது. தீபா அதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துக் காட்டிவிட்டு, அப்பாவின் மடியில், நல்ல கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வீட்டுக்குப் போயி அடுப்படில வச்சிருவோம்ப்பா" என்றாள். "வெஞ்சனம் வைக்க ஆகும்."